46 நாட்களும் ஒரு மீனவரும்

1

மண்டபத்திலிருந்து இராமேஸ்வரம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளாதவர்கள் குறைவு. சாலைப் பாலத்தின் மேட்டில் பஸ் ஏறியதும் அதுவரை தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து எட்டிப் பார்ப்பார்கள். கீழே கடல் மட்டத்தை ஒட்டி ரயில் பாலம். 2025 ஏப்ரல் 6ஆம் தேதி புதிய பாலம் திறக்கப்பட்ட சில வாரங்களில் நான் போனபோது அங்கே இரண்டு ரயில் பாலங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தன. புதியதன் நடுப்பகுதி லிஃப்ட் மாதிரி நிமிர்ந்தபடியே மேலே போகும். பழையது இரண்டு கைகளைப் போல் விரிந்து திறக்கும். பழையதில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுவிட்டது.

பஸ்ஸில் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அப்பா ஒருவர் தன் மகனுக்குக் கதை சொல்லிக்கொண்டு வந்தார். "இந்தப் பாலம் புயல்ல போயிருச்சுடா. ஆறு மாசம் ஆகும்னாங்க. ஸ்ரீதரன்னு ஒருத்தர், 46 நாள்ல கட்டிட்டாரு. மெட்ரோ மேன்!" பையன் வாயைப் பிளந்தான். நானும் அந்த வயதில் அப்படித்தான் கேட்டேன். கல்லூரியில் தலைமைப் பண்பு பற்றி நடந்த ஒரு பயிலரங்கிலும் இதே கதையைத் திரையில் போட்டுக் காட்டினார்கள். மன உறுதி, வேகம், காலந்தவறாமை என்று புள்ளி வைத்து எழுதச் சொன்னார்கள். எழுதினோம்.

அன்று மாலை மண்டபத்துக்குத் திரும்பி வந்து கடற்கரையில் நின்றபோது, கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"அய்யா, புயல்ல பாலம் போனப்ப நீங்க இங்கதான் இருந்தீங்களா?"

"இருந்தேன். சின்னப் பய. எங்கப்பாதான் கடலுக்குப் போயிக்கிட்டு இருந்தாரு."

"ஸ்ரீதரன் 46 நாள்ல மாட்டுனாருன்னு சொல்றாங்களே…"

அவர் ஊசியை நிறுத்தினார். "மாட்டுனாரு. பெரிய ஆளு, அதுல சந்தேகமே இல்ல. ஆனா தம்பி, இரும்பு எங்கிட்டுக் கெடக்குன்னு அவருக்கு யாரு சொன்னது? மொதல்ல அதக் கேளுங்க."

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து வந்தது.

2

பாலத்தின் கதையைக் கொஞ்சம் பின்னால் போய் ஆரம்பிக்க வேண்டும். 1902ல் மதுரையிலிருந்து ரயில் பாதை மண்டபம் வரை வந்தது. அதற்கு மேல் கடல். மண்டபத்தில் இறங்கிப் படகேறிப் பாம்பனுக்குப் போக வேண்டும். அந்தக் காலத்தில் கொழும்புக்குப் போகிறவர்களுக்கு வழி தூத்துக்குடி. பாம்பன் கால்வாய்க்கு மேல் பாலம் போட்டு, தீவின் கடைசி நுனியான தனுஷ்கோடி வரை ரயிலைக் கொண்டுபோய், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் விட்டால் கடல் பயணம் வெகுவாகக் குறையும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. சரக்குப் போக்குவரத்தும் இருந்தது. வெள்ளைக்காரன் கணக்குப் போட்டான். பாலம் வந்தது.

1914 பிப்ரவரி 24ல் திறந்தார்கள். நீளம் இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். நாற்பதடி நீளமுள்ள 145 கண்கள், நடுவில் கப்பல் போவதற்காகத் திறந்து மூடும் ஒரு பெரிய கண். அந்தத் திறக்கும் பகுதியின் வடிவமைப்புக்கு ஷெர்சர் என்று பெயர். ஆட்களே நெம்புகோல்களைத் தள்ளிச் சுற்றி அதைத் திறப்பார்கள். மோட்டார் கிடையாது. உலகில் உப்புக்காற்று இரும்பை மிக வேகமாகத் தின்கிற இடங்களில் பாம்பனும் ஒன்று. அதனால் பாலத்துக்கு ஓயாமல் பெயின்ட் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கில் ஒரு விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். 145 கண்களும் ஒரே அளவு. அதாவது ஒரு கண்ணுக்கான கர்டர், அந்த நாற்பதடி இரும்பு உத்தரம், எந்தத் தூணின் மேலும் பொருந்தும்.

சென்னை எழும்பூரில் ஒரு டிக்கெட் வாங்கினால் ரயில், கப்பல், மறுபடி ரயில் என்று கொழும்பு வரை போய்விடலாம். போட் மெயில் என்று அதற்குப் பெயர். மண்டபம் அந்த வழியின் முக்கியமான நிறுத்தம். இலங்கை அரசு இங்கே ஒரு முகாம் வைத்திருந்தது. தோட்டத்துக்குப் போகிற கூலி ஆட்களை இங்கே தங்கவைத்து, நோய் இல்லை என்று பார்த்த பிறகுதான் அனுப்புவார்கள். மண்டபம் கேம்ப் என்ற ஸ்டேஷன் பெயர் அப்படி வந்ததுதான். புதுக்கோட்டையிலும் திருச்சியிலும் சேலத்திலும் இருந்து கிளம்பிய எத்தனையோ குடும்பங்களுக்கு ஊர் மண்ணில் கடைசியாகத் தங்கிய இடம் இது.

3

1964 டிசம்பர் 17 வாக்கில் தெற்கு அந்தமான் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவானது. 22ஆம் தேதி அது இலங்கையின் வவுனியாவைக் கடந்து பாக் நீரிணைக்கு வந்தது. அன்று நள்ளிரவை ஒட்டித் தனுஷ்கோடியைக் கடல் எடுத்துக்கொண்டது. அலை ஏழு மீட்டர் உயரம் எழுந்ததாகக் கணக்கு. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய்க்கொண்டிருந்த பாசஞ்சர், வண்டி எண் 653, ஊரை நெருங்குகிற இடத்தில் அலையில் சிக்கியது. ரயில்வே கணக்கில் பயணிகளும் ஊழியர்களுமாக 115 பேர். யாரும் பிழைக்கவில்லை. டிக்கெட் இல்லாமல் ஏறியவர்கள் கணக்கில் இல்லை. அந்தப் புயலில் மொத்தம் 1,800 பேருக்கு மேல் இறந்திருப்பார்கள் என்கிறார்கள்.

பாம்பன் பாலத்தின் 145 கண்களில் 126 போய்விட்டன. தூண்கள் பெரும்பாலும் நின்றன. ஷெர்சர் பகுதியும் நின்றது. தூணுக்குத் தூண் இடையில் வெறும் வானம்.

இன்றைக்கு நமக்கு அதன் அர்த்தம் சட்டென்று புரியாது, ஏனென்றால் சாலைப் பாலம் இருக்கிறது. ஆனால் அது 1988 அக்டோபரில்தான் திறந்தது. 1964ல் இராமேஸ்வரம் தீவுக்குத் தரை வழி என்று இருந்தது அந்த ஒற்றை ரயில் பாதை மட்டும். அது போனால் தீவுக்கு அரிசி, மருந்து, ஆள், தபால் எல்லாமே படகை நம்பித்தான்.

இன்னொன்றும் இருந்தது. புயலுக்கு இரண்டு மாதம் முன்னால், 1964 அக்டோபர் 30ல், லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தார்கள். மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும் என்று முடிவு. அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. பல தலைமுறையாகத் தேயிலை பறித்தவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கி, இதே பாலத்தைத் தாண்டி மண்டபம் முகாமுக்கு வந்து சேரப்போகிறார்கள் என்பது பாலம் விழுந்த இரவில் யார் மனதிலும் இருந்திருக்காது. ஆனால் பின்னால் அதுதான் நடந்தது. தாத்தாக்கள் போன வழியில் பேரப்பிள்ளைகள் திரும்பினார்கள். 46 நாளில் திரும்ப எழுந்த பாலம் சுமந்தவற்றில் அதுவும் ஒன்று.

4

ஈ. ஸ்ரீதரனுக்கு அப்போது வயது 32. பாலக்காட்டுப் பக்கம் கருகபுத்தூரில் 1932ல் பிறந்தவர். காக்கிநாடாவில் பொறியியல் படித்து, 1954 டிசம்பரில் தென்னக ரயில்வேயில் சேர்ந்தவர். பத்து வருட சர்வீஸ். பெரிய பெயர் ஒன்றும் இல்லை. ரயில்வே, பாலத்தைச் சரிசெய்ய ஆறு மாதம் என்று இலக்கு வைத்தது. அவருடைய மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். வேலை இவர் தலையில் விழுந்தது.

ஆறு மாதம் என்ற கணக்கைச் சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடக் கூடாது. 126 கர்டர் வேண்டும். புதிதாகச் செய்ய வேண்டும், இல்லையென்றால் எங்கேயாவது இருப்பதைத் தேடிப் பிடித்து இந்த மூலைக்குக் கொண்டுவர வேண்டும். இரும்பு ஒதுக்கீடு வாங்கி, பட்டறையில் செய்து, ரயிலேற்றி மண்டபம் வரை கொண்டுவந்து, அப்புறம் கடலுக்குள் நகர்த்த வேண்டும். அலுவலக மேசையிலிருந்து பார்த்தால் ஆறு மாதம் நியாயமான மதிப்பீடு. மூன்று மாதம் என்பது மேலிருந்து வந்த அழுத்தம். அழுத்தத்தை அதிகமாக்கினால் மட்டும் கர்டர் வந்துவிடாது.

கணக்கை மாற்றியது ஒரு தகவல். போன கர்டர்கள் கடலில் எங்கே கிடக்கின்றன என்று உள்ளூர் மீனவர் ஒருவர் வந்து சொன்னார். ஸ்ரீதரனின் வாழ்க்கையைச் சொல்கிறவர்கள் இந்தக் கட்டத்தை ஓரிரு வரியில் கடந்துவிடுகிறார்கள். சொல்லிவிட்டு, "உடனே ஸ்ரீதரன்…" என்று அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் நிற்க வேண்டும் போல் இருக்கிறது.

மீனவருக்கு அது எப்படித் தெரியும்? இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. கடலடியில் புதிதாக ஒன்று கிடந்தால் வலை அதில் மாட்டும், கிழியும். ஒரு தடவை கிழிந்தால் அடுத்த தடவை அந்த இடத்தை விலக்கிப் போக வேண்டும். அதற்கு, கரையில் இருக்கிற ஒரு மரத்தையும் ஒரு கோபுரத்தையும் நேர்கோட்டில் வைத்து இடத்தைக் குறித்துக்கொள்வார்கள். நீரோட்டத்தை இந்தப் பக்கத்தில் நீவாடு என்பார்கள். எந்தக் காற்றுக்கு நீவாடு எந்தப் பக்கம் இழுக்கும், எவ்வளவு கனமான பொருளை எவ்வளவு தூரம் தள்ளும் என்பதை அவர்கள் தினமும் பிழைப்புக்காகப் போடுகிற கணக்கு. பாம்பன் கால்வாயின் வரைபடம் ரயில்வேயிடம் இருந்தது. அந்த டிசம்பர் இரவுக்குப் பிறகான கடலடி, மீனவர்களின் தலைக்குள் மட்டும்தான் இருந்தது.

தகவல் சரியாக இருந்தால் கேள்வியே மாறிவிடுகிறது. அதுவரை கேள்வி "126 கர்டரை எங்கே செய்வது?" இப்போது "126 கர்டரை எப்படித் தூக்குவது?" தூக்குவதும் லேசான வேலை கிடையாது. ஆனால் அது இங்கேயே, இந்த ஆட்களைக் கொண்டே, இன்றே தொடங்கக்கூடிய வேலை. நான் மேலே ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன விஷயம் இங்கே கைகொடுக்கிறது. எல்லாக் கண்ணும் ஒரே அளவு. மேலே வருகிற கர்டர் எந்த எண் கண்ணுக்குரியது என்று தேட வேண்டாம், எது நல்ல நிலையில் வருகிறதோ அதை எந்தத் தூண் தயாராக இருக்கிறதோ அதன் மேல் ஏற்றலாம். சில வாரம் உப்புநீரில் கிடந்ததால் இரும்பு செத்துவிடாது. முதல் கர்டரை ஏற்றத்தான் யோசனை வேண்டும். வழி பிடிபட்டுவிட்டால், அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிற கைகள் தானாகவே வேகமெடுக்கும்.

46 நாளில் ரயில் ஓடியது. 67 நாள் என்று சொல்கிற குறிப்பும் உண்டு. எந்த நாளிலிருந்து எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து அந்தக் கணக்கு மாறும். எப்படி எண்ணினாலும் மூன்று மாதத்துக்குள்தான். ஸ்ரீதரனுக்கு ரயில்வே அமைச்சரின் விருது கிடைத்தது.

5

பயிலரங்கில் நாங்கள் எழுதிய மன உறுதி, வேகம், காலந்தவறாமை எல்லாம் பொய் என்று சொல்லவில்லை. அவை எல்லாம் அவரிடம் இருந்தன. ஆனால் இதே மூன்றும் இருக்கிற இன்னொரு அதிகாரி, மீனவரைப் பார்த்து "சரிப்பா, பாக்கலாம்" என்று அனுப்பிவிட்டு, கர்டர் செய்கிற பட்டறைக்குத் தந்திமேல் தந்தி அடித்திருக்க முடியும். உறுதியோடும் வேகத்தோடும் நேரம் தவறாமலும் மூன்று மாதத்தில் முடித்திருப்பார். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

கேட்பது என்று நாம் சுலபமாகச் சொல்கிறோம். அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். முதலில், கேட்கக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும். சென்னையில் உட்கார்ந்திருக்கிற அதிகாரியிடம் எந்த மீனவரும் போய்ச் சொல்லப்போவதில்லை. அடுத்து, 1964ல் ஒரு ரயில்வே இன்ஜினீயரை நெருங்கி "அய்யா, உங்க இரும்பு அங்கிட்டுக் கெடக்கு" என்று சொல்லலாம், திட்டு விழாது என்று ஒரு மீனவருக்குத் தோன்ற வேண்டும். அந்தத் தைரியத்தைக் கொடுப்பது மேலே இருப்பவரின் முகம்தான். அதிகாரி வாய் திறக்கும் முன்பே அவர் நிற்கிற தோரணையைப் பார்த்து இவரிடம் பேசலாமா கூடாதா என்று எல்லோரும் முடிவெடுத்துவிடுகிறார்கள். கடைசியாக, காதில் விழுந்ததற்காகத் தன் திட்டத்தைத் தூக்கிப்போடத் தயாராக இருக்க வேண்டும். தகவல் தவறாகப் போயிருந்தால்? ஒரு வாரம் கடலில் துழாவிவிட்டு வெறுங்கையோடு திரும்பியிருந்தால், "மீன்பிடிக்கிறவன் பேச்சைக் கேட்டு அரசாங்க நேரத்தை வீணாக்கினான்" என்று 32 வயது இன்ஜினீயரின் கோப்பில் எழுதியிருப்பார்கள். அந்தப் பழியை மீனவர் ஏற்கப்போவதில்லை.

எனக்கு இது ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்று சொல்லிவிடுகிறேன். சிவில் முடித்துவிட்டு ஒரு சைட்டில் ஒரு வருடம் வேலை பார்த்தேன். தண்ணீர்த் தொட்டிக்குக் குழி தோண்ட வேண்டும். மார்க் பண்ணிக்கொண்டிருந்தபோது அங்கே வேலை செய்த சித்தாள் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், பக்கத்தில் வந்து நின்றார்.

"சார், இங்கிட்டுத் தோண்டாதீக. மழ பேஞ்சா இங்கிட்டுத்தான் தண்ணி வந்து நிக்கும். சின்ன வயசுலருந்து பாக்குறேன்."

நான் வரைபடத்தை விரித்துக் காட்டினேன். அவருக்கு அது புரியாது என்று தெரிந்தேதான் காட்டினேன். "இதுல இங்கதாம்மா போட்டிருக்கு." அவர் ஒன்றும் சொல்லாமல் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மூன்று வாரத்தில் மழை வந்தது. குழி நிரம்பி ஒரு பக்கச் சுவர் சரிந்தது. ராத்திரி நேரம் என்பதால் உள்ளே யாரும் இல்லை. அடுத்த நாள் நான் எழுதின ரிப்போர்ட்டில் காரணம் என்ற இடத்தில் "எதிர்பாராத மழை" என்று எழுதினேன்.

எதிர்பார்த்த ஓர் ஆள் இருந்தார். நான் எழுதவில்லை.

6

கேட்பதோடு முடிந்துவிடுகிறதா என்றால் இல்லை. கேட்டதன் பேரில் எடுத்த முடிவு தவறிப்போனால் யார் முன்னால் போய் நிற்பது என்ற இன்னொரு கேள்வி இருக்கிறது. பாம்பன் விழுந்தபோது நாட்டின் பிரதமர் சாஸ்திரி. ரயில்வேயில் அவர் பெயர் வேறு ஒரு காரணத்துக்காகப் பேசப்படும், அந்தக் காரணமும் தமிழ்நாட்டில்தான் நடந்தது. 1956 நவம்பர் 23, அரியலூர். மருதையாற்று வெள்ளத்தில் பாலம் பலவீனமாகித் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து 140 பேருக்கு மேல் இறந்தார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த சாஸ்திரி ராஜினாமா செய்தார். அந்த விபத்துக்கு அவர் நேரடிக் காரணம் என்று யாருமே நினைக்கவில்லை. ராஜினாமாவை ஏற்றுக்கொண்ட நேருவும் அதைத்தான் சொன்னார்: அவர் பொறுப்பாளி என்பதற்காக ஏற்கவில்லை, நல்ல முன்னுதாரணமாக இருக்கட்டும் என்பதற்காக ஏற்கிறேன் என்று.

ஸ்ரீதரனும் 2009ல் அப்படி ஒரு கடிதம் கொடுத்தார். ஜூலை 12, டெல்லி மெட்ரோவின் ஜம்ரூத்பூர் பகுதியில் கட்டிக்கொண்டிருந்த பாலம் சரிந்து ஆறு பேர் இறந்தார்கள். அன்றைக்கே ராஜினாமா செய்தார். முதல்வர் ஷீலா தீட்சித் ஏற்கவில்லை.

இந்தக் கரையில் பிறந்த இன்னொருவர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1979 ஆகஸ்ட் 10ல் எஸ்எல்வி-3 முதல் ராக்கெட் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் இராமேஸ்வரத்துப் படகுக்காரர் மகன் அப்துல் கலாம். செய்தியாளர்கள் முன்னால் போய் நின்று பொறுப்பேற்றது இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18ல் அடுத்த ராக்கெட் ஜெயித்தபோது தவான் கலாமைக் கூப்பிட்டு, இன்றைக்கு நீங்கள் போய்ப் பேசுங்கள் என்று அனுப்பினார். கலாம் எத்தனையோ விருதுகள் வாங்கியவர். ஆனால் தலைமை பற்றி மாணவர்கள் கேட்டபோதெல்லாம் தன் கதையைச் சொல்லாமல் தவானின் கதையைச் சொன்னார். கீழே இருந்து பார்த்தவர் சொல்கிற சாட்சி அது. அதனால்தான் அதற்குக் கனம்.

இங்கே இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் இதுவும் பஸ்ஸில் கேட்ட கதை மாதிரி ஆகிவிடும். பாம்பனில் ஒரு மீனவர் சொன்னதைக் கேட்ட அதே மனிதர், 1990ல் கொங்கண் ரயில்வேயின் தலைமைக்கு வந்தார். 760 கிலோமீட்டர், மலையும் ஆறும் சதுப்பும் நிறைந்த பாதை. 1998 ஜனவரியில் முழுப் பாதையும் திறந்தது. பெரிய சாதனைதான். ஆனால் நடுவில் கோவாவில் மக்கள் தெருவில் இறங்கினார்கள். கடலோர வயல்களையும் பழைய ஊர்களையும் பாதை கெடுக்கும், உள்நாட்டுப் பக்கம் தள்ளிப் போடுங்கள் என்றார்கள். வேலை நின்றது, ஓசா கமிஷன் போட்டார்கள், கடைசியில் பாதை திட்டமிட்டபடிதான் போனது. யார் சரி என்று நான் இங்கே தீர்ப்பு எழுதவில்லை. "உன் இரும்பு அங்கே கிடக்கிறது" என்று உதவ வருகிறவரைக் கேட்பது ஒரு வகை. "உன் பாதையே தப்பு" என்று எதிர்த்து வருகிறவரைக் கேட்பது வேறு வகை. இரண்டாவது மிகவும் கஷ்டம். முதலாவது கைவந்தவருக்கு இரண்டாவதும் வரும் என்று நிச்சயம் கிடையாது.

2021ல் தன் 88ஆவது வயதில் பாலக்காடு சட்டமன்றத் தொகுதியில் நின்று தோற்றார் ஸ்ரீதரன். ஓர் இடத்தில் சிறந்த தலைவராக இருந்தவரை எல்லா இடத்துக்குமான தலைவர் என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம். தலைமை ஓர் ஆளின் உடம்புக்குள் இரத்த வகை மாதிரி நிரந்தரமாக இருக்கிற சமாச்சாரமாக எனக்குத் தெரியவில்லை. குறிப்பிட்ட ஒரு வேலையில், குறிப்பிட்ட ஒரு நாளில், எதிரே நிற்கிறவரிடம் ஒருவர் நடந்துகொள்கிற விதத்தில்தான் அது வெளிப்படுகிறது. 1965ன் தொடக்கத்தில், பாம்பன் கரையில், அது ஸ்ரீதரனிடம் இருந்தது.

7

அந்த மீனவரின் பெயர் என்ன?

நான் படித்த வரையில் இந்தக் கதையின் எந்த வடிவத்திலும் பெயர் இல்லை. "ஒரு மீனவர்" என்றுதான் வருகிறது. சில வடிவங்களில் "மீனவர்கள்" என்று பன்மையில். 46 என்ற எண் இருக்கிறது, 126 என்ற எண் இருக்கிறது, 145 இருக்கிறது. விருது வாங்கியவர் பெயர் இருக்கிறது. கடலுக்குள் இறங்கியவர்கள், கயிறு கட்டியவர்கள், இழுத்தவர்கள் எல்லோரும் "உள்ளூர் ஆட்கள்" என்ற ஒரு சொல்லுக்குள் போய்விட்டார்கள்.

ஸ்ரீதரன் மேல் குறை சொல்ல இதை எழுதவில்லை. கதையை நமக்குச் சொல்கிறவர்கள், பயிலரங்கு நடத்துகிறவர்கள், பஸ்ஸில் மகனுக்குச் சொல்கிற அப்பாக்கள், நாம் எல்லோரும் சேர்ந்து செய்கிற வேலை இது. கேட்டவரை ஞாபகம் வைத்துக்கொண்டோம். சொன்னவரை விட்டுவிட்டோம். பிறகு பிள்ளைகளிடம் தலைமைப் பண்பு என்றால் என்ன என்று கேட்கும்போது, அவர்கள் மன உறுதி என்று எழுதுகிறார்கள். கதையில் வேறு எதுவும் மீதமில்லாதபோது அவர்கள் வேறென்ன எழுதுவார்கள்?

சொன்னவர்களுக்கு என்ன ஆனது என்று பார்த்தாலும் மனசு கனக்கிறது. பாலம் சீக்கிரம் எழுந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன ரயில் பாதையை யாரும் திரும்பப் போடவில்லை. மனிதர்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. ஆனாலும் கடல் தொழில் செய்கிற குடும்பங்கள் அங்கே குடிசை போட்டுக்கொண்டு இருந்தார்கள், இருக்கிறார்கள். இடிந்த தேவாலயத்தையும் ஸ்டேஷனையும் படம் எடுக்க வருகிற நாம் அவர்களிடம் சங்கு மாலை வாங்கிக்கொண்டு திரும்புகிறோம்.

அன்று மாலை மண்டபத்தில் இருட்டத் தொடங்கியபோது, வலை தைத்துக்கொண்டிருந்த பெரியவரிடம் விடைபெறும் முன் நோட்டை எடுத்து அவர் பெயரைக் கேட்டேன்.

சிரித்தார். "எம்பேரு எதுக்கு தம்பி? நான் ஒண்ணும் பண்ணலயே. எழுதுறதா இருந்தா அன்னைக்குச் சொன்ன ஆளு பேரத் தேடி எழுதுங்க."

"உங்களுக்குத் தெரியுமா அய்யா?"

"எங்கப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும்." ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னார். "அவரு இருந்த வரைக்கும் யாரும் வந்து கேக்கல."

நோட்டில் அந்தப் பக்கம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. ஊருக்குத் திரும்பியதும் ஒரு வேலை மட்டும் செய்தேன். பழைய சைட்டில் கூட வேலை பார்த்த மேஸ்திரிக்குப் போன் போட்டு, தண்ணி நிற்கும் என்று சொன்ன அந்த அம்மாவின் பெயரைக் கேட்டேன். ஒரு வருடம் தினமும் பார்த்த முகம். அதுவரை எனக்கு அவர் பெயர் தெரியாது.